உடையார்பாளையத்தில் நின்ற புள்ளி

நான் வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. அதற்குப் பதில் சுவர் முழுக்க ஒரு திரை இருக்கிறது. அரியலூரில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு கிளம்பும் எங்கள் லாரிகள் எல்லாம் அதில் புள்ளி புள்ளியாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஒழுங்காகப் போகிற லாரி பச்சை. தாமதமானால் மஞ்சள். வழி மாறினாலோ, நிற்கக் கூடாத இடத்தில் நின்றாலோ சிவப்பு. சிவப்பானதும் டிங் என்று ஒரு சத்தம் வரும்.

அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து எனக்குப் பதினைந்து நிமிடம் அவகாசம். திரையின் ஓரத்தில் மூன்று கட்டங்கள் முளைக்கும். காத்திரு, விசாரி, ரத்து செய். மூன்றில் ஒன்றை நான் அழுத்தியாக வேண்டும். அழுத்தாவிட்டால் விஷயம் தானாகவே சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். அங்கிருந்து போன் வரும். போனில் பேசுபவர்கள் என் பிள்ளைகள் வயதுக்காரர்கள். மிகவும் மரியாதையாகப் பேசுவார்கள். அந்த மரியாதைதான் எனக்கு ஆகாது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த அறைக்கு வருவதற்கு முன் இருபது வருடம் தொழிற்சாலை வாசலில் நின்று லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு லாரி கிளம்பிப் போனால் போனதுதான். அது எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, அதை நினைத்து நான் பயந்ததும் கிடையாது. இப்போது எல்லா லாரியும் எங்கே இருக்கிறது என்று தெரியும். பெரம்பலூரில் என் வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட எந்த வண்டி சிவப்பாகிவிட்டதோ என்று எழுந்து உட்காருகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரு அமாவாசை நாளைப் பற்றி.

லப்பைக்குடிக்காட்டில் எங்களுக்கு ஒரு சிமென்ட் கடைக்காரர் உண்டு. எல்லோரையும் போல நானும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் சாயங்காலமே போன் செய்துவிட்டார்.

"சார், இருநூறு மூட்டை. கடைக்கு வேணாம், நேரா சைட்டுக்கே வந்துரட்டும். காலையில எட்டு மணிக்கு இருக்கணும். தளம் போடுற வேலை."

"வந்துரும் பாய்."

"வந்துரும்னு எப்பவும்தான் சொல்றீங்க. இது அப்படி இல்ல. வூட்டுக்காரரு மஸ்கட்ல இருக்கிறவரு. லீவு முடிஞ்சு நாளன்னைக்கு விடிய காலம் திருச்சியில ஃபிளைட். அஸ்திவாரம் போட்டப்ப அவரு இல்ல, செவுரு எழும்புனப்பவும் இல்ல. எல்லாம் போன்லயே பாத்தவரு. தளத்தையாவது பக்கத்துல நின்னு பாக்கணும்னு கெடக்கறாரு. நாளைக்கு விட்டா ரெண்டு வருஷம் சார்."

கூரைத் தளம் என்பது ஒரே நாளில் போட்டு முடிக்க வேண்டியது. பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் சேர்ந்த இடத்தில் ஒழுகும். கொத்தனார், மிக்ஸர் மெஷின், இருபத்தைந்து ஆட்கள், எல்லாருக்கும் மத்தியானம் பிரியாணி என்று எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. நான் ஆபீஸ் கணினியில் அந்த லோடுக்குப் பக்கத்தில் 'மிக அவசரம்' என்று போட்டு வைத்தேன். இதைச் செய்திருக்கவே கூடாது. மிக அவசரம் என்று போட்டால் டிங் சத்தம் இரண்டு மடங்காக வரும்.

காலையில் வாசலில் அமாவாசை பூஜை. எங்கள் டிரைவர்கள் மாதாமாதம் செய்வதுதான். முந்தின நாளே லாரிகளை வாட்டர் சர்வீஸில் விட்டு உள்ளும் புறமும் கழுவிவிடுவார்கள். பிறகு பொட்டு, மாலை, டயருக்குக் கீழே எலுமிச்சம் பழம், கடைசியில் பூசணிக்காய் உடைப்பு. எல்லாம் முடிந்து லப்பைக்குடிக்காட்டு வண்டி ஆறரைக்குக் கிளம்பியது. நானே கையாட்டி அனுப்பிவிட்டு, டீ குடித்துவிட்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் அரை மணி நேரம் பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். அதை ஒளிப்பதற்கில்லை.

ஏழே காலுக்கு இரட்டை டிங்.

லப்பைக்குடிக்காடு போக வேண்டிய வண்டி கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அரியலூரிலிருந்து லப்பைக்குடிக்காட்டுக்கு வடமேற்கே குன்னம் வழியாகப் போக வேண்டும். இது ஜெயங்கொண்டம் ரோட்டில் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. டிரைவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். 'காத்திரு' என்ற கட்டத்தை அழுத்தினேன். காத்திருந்தேன். நகத்தைக் கடித்தேன். ஏழே முக்காலுக்குப் புள்ளி உடையார்பாளையத்தில் போய் நின்றது. மறுபடி இரட்டை டிங், புதிதாகப் பதினைந்து நிமிடம். நின்றது நின்றதுதான். நகரவே இல்லை.

சரி, ஒரு வண்டிதானே என்று மனதைத் தேற்றிக்கொள்ளும்போது இன்னொரு டிங். உடையார்பாளையம் போக வேண்டிய வேறொரு வண்டி குன்னத்தைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது.

நிதானமான மனிதன் என்றால் இங்கே ஒரு நிமிடம் யோசித்திருப்பான். இரண்டு வண்டி, ஒன்றின் இடத்தில் இன்னொன்று. பள்ளிக்கூடப் பிள்ளை கூடக் கண்டுபிடிக்கும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கடத்தல். அதுவும் பெரிய கடத்தல். இரண்டு டிரைவர்களும் பூசணிக்காய் உடைத்த கையோடு பேசி வைத்துக்கொண்டு எங்கள் சிமென்டை ஆளுக்கொரு திசையில் கொண்டுபோகிறார்கள். உடையார்பாளையத்தில் ஏதோ முந்திரித் தோப்புக்குள் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. நாளைக்குப் பேப்பரில் வரும். என் புகைப்படமும் வரும். எந்தப் போட்டோ போடுவார்கள் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ரேஷன் கார்டில் இருப்பதைப் போட்டுவிடக் கூடாது.

ஏழு தடவை போன் அடித்தும் டிரைவர் எடுக்கவில்லை. பதினைந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் மிச்சம். 'ரத்து செய்' என்பதை அழுத்தினேன். லோடு ரத்தானது. மாற்று வண்டி மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பும் என்று திரை சொன்னது. இரண்டாவது வண்டியையும் ரத்து செய்யப் போகும்போதுதான், கடைக்காரருக்குச் சொல்ல வேண்டுமே என்று ஞாபகம் வந்தது. முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அது. நான் கடைசியாக வைத்திருந்தேன்.

"பாய், ஒரு சின்ன பிரச்சனை. உங்க வண்டி கொஞ்சம் காணோம்."

"கொஞ்சம் காணோம்னா? முன் பாதியா, பின் பாதியா?"

"வெளையாடாதீங்க பாய். உடையார்பாளையத்துல நிக்கிது. டிரைவரு போன எடுக்க மாட்டேங்கிறாரு. நான் லோட ரத்து பண்ணிட்டேன். ரெண்டு மணிக்கு வேற வண்டி அனுப்புறேன்."

அந்தப் பக்கம் அவர் யாரையோ இரு, இரு என்று அதட்டுவது கேட்டது. பிறகு, "நம்பரு சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன்.

"அந்த வண்டி இங்க சைட்டுத் தெருவுல ரிவர்ஸ் எடுக்கறதுக்காக நிக்கிது சார். நெத்தியில பெரிசா பொட்டு வெச்சிருக்குது. உங்க டிரைவரு கீழ எறங்கி கேபிள் வயர கம்பால தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. குடுக்கவா?"

டிரைவர் போனை வாங்கினார். என் வயதுக்காரர்.

"என்ன சார் ஏழு தடவ அடிச்சிருக்கீங்க? வூட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கள்ல?"

"ஏம்ப்பா போன எடுக்கல?"

"வண்டி ஓட்டும்போது எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் கிளாஸ் எடுத்தீங்க. எடுக்க மாட்டோம்னு கையெழுத்தும் வாங்குனீங்க."

அந்தக் கிளாஸில் நாற்பது டிரைவர்கள் இருந்தார்கள். முப்பத்தொன்பது பேர் தூங்கினார்கள். கேட்ட ஒரே ஒருவர் இவர்.

"அப்ப உடையார்பாளையத்துல நிக்கிறது யாரு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சிரித்தார். ஜி.பி.எஸ். பெட்டி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். போன மாதம் கழுவும்போது ஒரு பெட்டியில் தண்ணீர் போய்விட்டது என்று ஒரு டிரைவரைப் பாடாய்ப் படுத்திவிட்டார்கள். அதனால் இந்த மாதம் இவரும் உடையார்பாளையத்து வண்டி டிரைவரும் கழுவுவதற்கு முன் பெட்டிகளைக் கழற்றி, ஒரே துண்டில் சுற்றி, சுவர் மேல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது இவருடையது அதில், அதனுடையது இதில். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். உடையார்பாளையத்து வண்டி உடையார்பாளையத்தில் ஒழுங்காகத்தான் நின்றுகொண்டிருந்தது.

"சரி சரி, எறக்குங்க" என்றேன். எனக்குப் பாதி உயிர் வந்திருந்தது.

"பாய்கிட்ட நம்பர வாங்கிப் போட்டேன் சார். எடுக்க மாட்டேங்குது. இந்த லோடு ரத்துன்னு செவப்புல வருது."

எங்கள் முறைப்படி, சரக்கு போய்ச் சேர்ந்ததும் கடைக்காரரின் போனுக்கு வந்த நான்கு இலக்க எண்ணை டிரைவர் தன் போனில் போட வேண்டும். அது ஏற்றுக்கொண்ட பிறகுதான் மூட்டையில் கை வைக்கலாம். ரத்தான லோடுக்கு எண்ணும் ரத்து.

சென்னைக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். மிகவும் மரியாதை.

"கேன்சல் பண்ணதைத் திரும்ப எடுக்க முடியாதுங்க சார். புதுசா லோடு போடுங்க."

"சரக்கு வாசல்லயே நிக்கிதும்மா."

"சிஸ்டத்துல நிக்கலையே சார்."

"சிஸ்டத்துல நிக்காட்டியும் தெருவுல நிக்கிதே."

"நான் கம்ப்ளெயின்ட் போட்டுடறேன் சார். சாயங்காலத்துக்குள்ள பார்த்துடுவாங்க."

டிரைவரிடம் திரும்பி வந்தேன். "நான் சொல்றேன், எறக்குங்க. என் பொறுப்பு."

"சார், தப்பா நெனைக்காதீங்க. போன வருஷம் இதே மாதிரி ஒருத்தரு போன்ல சொன்னாருன்னு எறக்கிட்டேன். அப்புறம் நான் எங்கய்யா சொன்னேன்னுட்டாரு. ரெண்டு மாசம் வண்டி குடுக்காம வெளிய ஒக்கார வெச்சாங்க. எழுதிக் குடுங்க, எறக்கறேன்."

"எழுதி போட்டோ எடுத்து அனுப்பவா?"

"அன்னைக்கும் போட்டோதான் சார் அனுப்புனாரு. கையெழுத்தும் சீலும் நேர்ல வேணும்."

அவர் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. அதற்குள் யாரோ போனை வாங்கிவிட்டார்கள். புதுக் குரல், தணிந்த குரல்.

"சார், நான்தான் வூட்டுக்காரன். கொத்தனாரு பதினோரு மணி வரைக்கும் பாக்கறேங்கிறாரு. அதுக்கு மேல ஆரம்பிச்சா வெளிச்சத்துல முடியாதாம், நாளைக்கு வெச்சுக்கலாங்கிறாரு. நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன் சார்."

"கடையில இருக்கிறத வெச்சு ஆரம்பிக்க முடியாதுங்களா?"

"பாய் கடையில முப்பது மூட்டதான் இருக்குது. மிச்சத்துக்கு வேற கம்பெனி சிமென்ட கலக்க மாட்டேங்கிறாரு கொத்தனாரு."

அவர் என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். திட்டவில்லை. நான் மேஜை டிராயரைத் திறந்து ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பையும் மை டப்பாவையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பைக்கை எடுத்தேன். மணி ஒன்பது.

லாரிகளை விண்வெளியில் இருந்து பார்க்கிற ஏற்பாடு எல்லாம் செய்துவிட்டு, ஒரு ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நாற்பது கிலோமீட்டர் போகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பாதி வழியில் போன் அடித்தது. சென்னையோ என்று ஓரமாக நிறுத்தி எடுத்தேன். சென்னைதான்.

"சார், நீங்க சீட்ல இல்லைன்னு காட்டுது. ரொம்ப நேரமா இன்னொரு வண்டியும் சிவப்புல இருக்கு."

"ரோட்டுல இருக்கேம்மா. அந்த வண்டிக்கு ஒண்ணும் இல்ல, பெட்டிதான் மாறிப் போச்சு."

"காரணம் என்னன்னு போடட்டும் சார்?"

"ஆள் வழி மாறிட்டாருன்னு போடும்மா."

அவள் அப்படியே போட்டுவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

லப்பைக்குடிக்காட்டில் அந்தத் தெருவைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. பொட்டு வைத்த லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மிக்ஸர் மெஷினைச் சுற்றி ஆட்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொத்தனார் மணியைப் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார். குனிந்து பார்த்தால், மை டப்பா திறந்து, இடது நெஞ்சு முழுக்க ஊதா.

"என்ன சார், யாராச்சும் குத்திட்டாங்களா?" என்றார் கடைக்காரர்.

"நானேதான் பாய் குத்திக்கிட்டேன்."

லாரியின் பானெட்டில் பில்லைத் திருப்பி வைத்து எழுதினேன். இந்த லோடை நான் தவறுதலாக ரத்து செய்துவிட்டேன், டிரைவர் மேல் தப்பில்லை, என் பொறுப்பில் இறக்கச் சொல்கிறேன். தவறுதலாக என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்தில் எழுதினேன். டிரைவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேதி போடுங்க சார். மணியும் போடுங்க."

போட்டேன். ஸ்டாம்புக்கு மை பற்றவில்லை. மையெல்லாம் சட்டையில் இருந்தது. சட்டையிலேயே ஒற்றி எடுத்துக் குத்தினேன். அன்று காலையிலிருந்து நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். டிரைவர் காகிதத்தை மடித்து லைசன்ஸ் இருக்கும் கவரில் வைத்துவிட்டு, தார்ப்பாயை அவிழ்த்தார். மணி பத்தரை.

பதினோரு மணிக்கு முன்பே மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. முதல் சட்டியை வீட்டுக்காரர் போட வேண்டும் என்றார் கொத்தனார். ஐந்து வருடம் மஸ்கட்டில் ஏதோ கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்த மனிதர், வெள்ளைச் சட்டையோடு ஏணியில் ஏறி, சட்டியை வாங்கி, பிஸ்மில்லாஹ் என்று சொல்லிக் கம்பிகளுக்கு நடுவே கொட்டினார். கீழேயிருந்து அவர் மனைவி போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனார். "வேணாம், வெச்சுட்டு மேல வா" என்றார் அவர். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால் சென்னை. இங்கே பிரியாணி. எனக்குத் தனி இலை போட்டு இரண்டு முறை கறி வைத்தார்கள். காரணமே நான்தான் என்று தெரிந்தும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் நான் நினைத்த கடத்தல் கதையை என்னிடமே கேட்டிருந்த கடைக்காரர் மட்டும், "சாருக்கு இன்னொரு முட்ட வைங்கப்பா, காலையிலேர்ந்து ரெண்டு லாரிய கடத்திட்டு வந்திருக்காரு" என்றார்.

ஐந்து மணிக்குத் தளம் முடிந்தது. ஆட்கள் கைகால் கழுவப் போனார்கள். வீட்டுக்காரர் ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தார். ஈரத் தளத்தில் கால் வைக்க முடியாது. அங்கேயே நின்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சாமான் கட்ட நேரமாகிறது என்று மனைவி இரண்டு தடவை கூப்பிட்டும் இறங்கவில்லை. நான் கிளம்பும்போது மேலேயிருந்து கையை உயர்த்தினார். அவ்வளவுதான். விடிவதற்குள் அவர் திருச்சியில் விமானம் ஏறியிருப்பார்.

எனக்கு ஆபீஸில் விளக்கக் கடிதம் ஒன்று, எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. இப்போது ஜி.பி.எஸ். பெட்டிகளின் மேல் லாரி எண்ணைப் பெயின்டில் எழுதியிருக்கிறார்கள். எழுதச் சொல்லி யோசனை கொடுத்தது டிரைவர். பாராட்டு வந்தது சென்னைக்கு.

ஆனால் அந்த லோடு மட்டும் இன்னும் முடியவில்லை. ரத்தான லோடு தொழிற்சாலைக்குத் திரும்பி வரவில்லை, யாருக்கும் இறக்கியதாகவும் கணக்கில்லை. கணினியைப் பொறுத்தவரை இருநூறு மூட்டை இன்னும் உடையார்பாளையத்தில் நின்றுகொண்டிருக்கிறது. மாதா மாதம் அந்தப் பெண் கூப்பிடுவாள்.

"சார், சரக்கு போய்ச் சேர்ந்ததுக்கு ஒரு போட்டோ மட்டும் கொடுத்துட்டா க்ளோஸ் பண்ணிடலாம்."

கடைக்காரரிடம் சொன்னேன். அவர் அந்த வீட்டுக்குச் சொல்லி, அந்த அம்மாள் மாடிக்குப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பினார். தளம் காய்ந்து வெளுத்துப் போயிருந்தது. ஒரு மூலையில் மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். கொடியில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை. கீழே கடைக்காரர் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'மஸ்கட்டுக்கும் இதே படந்தான் போயிருக்குது சார். மத்ததெல்லாம் போன்ல பாத்தது, இது நான் பக்கத்துல நின்னு பாத்த தளம்டான்னு எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டு இருக்காராம்.'

படத்தைக் கணினியில் ஏற்றினேன். கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு பதில் வந்தது. 'ஏற்கப்படவில்லை. படத்தில் மூட்டைகள் தெரியவில்லை.'

மறுபடியும் அதே படத்தையே அனுப்பினேன்.